தோழர் ஐயாவின் தட்டச்சுக்காரி

தன்னை யாரும் 'ஐயா' என்று அழைக்கக் கூடாது என்று இறையியல் மையத்தின் இயக்குநர் பதவியேற்ற முதல் நாளே சொல்லிவிட்டார். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் சமம், ஆகவே தோட்டக்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லாரும் தன்னைத் 'தோழர்' என்றே அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் போட்டார். அதன் கடைசி வரி, 'மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்பது. வேலைக்காரர்கள் கூடி யோசித்தார்கள். வெறும் தோழர் என்று கூப்பிட யாருக்கும் நாக்கு எழவில்லை. வெறும் ஐயா என்று கூப்பிட்டால் வேலைக்கு ஆபத்து. இரண்டையும் சேர்த்துத் 'தோழர் ஐயா' என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே கூப்பிடுதலில் இரண்டு மரியாதை கிடைத்தால் யாருக்குக் கசக்கும், அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவளைப் பற்றியது இந்தக் கதை. மையத்தில் அவளை டைப்பம்மா என்பார்கள். தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது, அதுவும் போய் வேறொரு கணினி வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. மூன்று மாத விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாக வந்தவள் அவள். விடுப்பில் போனவள் திரும்பி வரவில்லை. இவள் இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிறாள்.

அவளை அங்கே சேர்த்துவிட்டது அவளுடைய அக்கா. அக்கா மையத்தின் சமையல்காரி. புருஷனைப் புதைத்த அடுத்த மாதம் இந்த அடுப்படிக்கு வந்தவள், அறுபது மாணவர்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப்போட்டு அங்கேயே தங்கிவிட்டாள். சமையலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஓர் அறை. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் வீடு அதுதான். அடுப்புச் சுவரும் அறைச் சுவரும் ஒன்று. குளிர்காலத்தில் மையத்திலேயே சுகமான இடம் அது. கோடையில் மனிதர் இருக்க முடியாது. டைப்பம்மாவுக்கு இரண்டு வரன் வந்து இரண்டும் தட்டிப்போயின. "ரெண்டு பேரும் பொழச்சாங்க" என்று அக்கா சொல்வாள். தங்கையின் வாய் அப்பேர்ப்பட்டது.

தோழர் ஐயா எதையும் உட்கார்ந்து எழுத மாட்டார். அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்வார், டைப்பம்மா அடிப்பாள். 'ஒடுக்கப்பட்டோர்' என்ற சொல் வரும்போதெல்லாம் ஜன்னலருகே போய் நின்றுவிடுவார். வெளியே முற்றம் பெருக்கிக்கொண்டிருப்பவள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால் அவர் பார்வை அவசரமாக மேகத்துக்குப் போய்விடும். வாக்கியத்துக்கு நடுவே, "தோழர், ஒரு டீ சொல்லுங்க" என்பார். அவர் ஆரம்பிக்கிற வாக்கியம் எதுவும் முடிவுக்கு வராது. எழுவாய் ஒரு பக்கம் கிடக்கும், பயனிலை காணாமல் போயிருக்கும். தேடிப் பிடித்துச் சேர்த்துவைப்பது டைப்பம்மாவின் வேலை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. வாக்கியங்கள் தானாகவே நேராகிக்கொள்கின்றன என்று நினைத்திருப்பார்.

வந்த மூன்றாம் வருடம் அவர் தன் பெரிய புத்தகத்தைத் தொடங்கினார். 'செங்கல் சூளையில் கடவுள்' என்று பெயர். மூன்று வருடம் இழுத்தது. நான்கு முறை முழுதாகத் திருத்தினார், நான்கு முறையும் டைப்பம்மா முதலிலிருந்து அடித்தாள். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளிலிருந்து ஆரம்பிக்கும் புத்தகம். அந்த அடிமைகள் மண்டியிட்டு ஜெபம் பண்ணவில்லை, வேலைப் பளு தாங்காமல் முனகினார்கள், கடவுளை இறங்கி வரவைத்தது அந்த முனகல்தான் என்று அதில் வரும். மரியாள் பாடிய பாட்டு தொட்டில் பாட்டு அல்ல, அரியணையில் இருப்பவனைக் கீழே இறக்குகிற பாட்டு என்று வரும். திராட்சைத் தோட்டத்தில் சாயங்காலம் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த கதையை வைத்து இருபது பக்கம் வரும்.

முதல் தடவை அடிக்கும்போது டைப்பம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இவருக்குப் பொழுது போகல, கடவுளையும் வேலைக்கு அனுப்பிட்டார்" என்று அக்காவிடம் சொன்னாள். இரண்டாம் தடவை எரிச்சல் வந்தது. மூன்றாம் தடவை, நாற்பத்தேழாம் பக்கத்தில், அவள் விரல் நின்றுவிட்டது. 'உழைத்துத் தேய்ந்த கையைப் பார்த்து இது இனி உதவாது என்று சொல்கிற வீட்டில் கடவுள் குடியிருப்பதில்லை. அந்தக் கையோடு அவரும் வாசலைத் தாண்டி வெளியேறிவிடுகிறார்.' சுண்ணாம்புச் சூளையில் இருமி இருமிச் செத்துப்போன அப்பாவின் கை அவளுக்கு நினைவு வந்தது. முதலாளி அந்தக் கையைப் பார்த்து என்ன சொன்னார் என்பதும் நினைவு வந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். அக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஐயா இதெல்லாம் எங்க பார்த்தார்?" என்றாள்.

ஊர் உலகத்தில் தட்டச்சு செய்கிறவர்கள் எத்தனையோ பேர். வக்கீல் அலுவலகத்தில் அடிக்கிறவள் மனுவில் இருப்பதை நம்ப மாட்டாள், விளம்பரக் கம்பெனியில் அடிக்கிறவள் அந்தச் சோப்பை வாங்க மாட்டாள். டைப்பம்மா செய்த பிசகு அதுதான். அடித்ததை நம்பிவிட்டாள். அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒருவர், அச்சுச் செலவு கொடுத்தவர் ஒருவர், மேடையில் பாராட்டியவர்கள் ஒன்பது பேர். நம்பியவள் இவள் ஒருத்தி.

நம்பியதற்குத் தண்டனையும் அனுபவித்தாள். அவள் போகும் சபையில் அவள்தான் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். புருஷனை விட்டு வந்துவிட்ட ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு கடைசி வரிசையில், தூண் மறைவில் உட்காருவாள். டைப்பம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில், போதகர் மனைவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அடுத்த வாரம் செயலாளர் பதவி போயிற்று. போதகர் கூப்பிட்டு, "உங்களுக்கு யாரோ தப்பான உபதேசம் குடுக்கிறாங்கம்மா" என்றார். இவள் அதைப் பெருமையாகத் தோழர் ஐயாவிடம் வந்து சொன்னாள். அவர் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போதகரப் பகைச்சுக்காதீங்க தோழர், நம்ம மாணவர்களுக்கு அவங்க சபைகள்லதான் இடம் கேக்க வேண்டியிருக்கு" என்றார். அப்போதே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. பெரிய மனிதர், பெரிய கணக்குப் போடுகிறார் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பிறகு அந்தக் கால் கழுவும் விழா. பாடுகளின் வாரத்தில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதுபோல இயக்குநர் பன்னிரண்டு வேலைக்காரர்களின் காலைக் கழுவுவார் என்று ஏற்பாடு. அதற்கும் சுற்றறிக்கை போட்டார்கள்: 'கால் கழுவப்படுவோர் முன்கூட்டியே கால்களைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வரவும். வெடிப்புள்ளோர் எண்ணெய் தடவிக்கொள்ளவும்.' இதை அடிக்கும்போது டைப்பம்மா ஒரு முறை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. அக்கா அன்றைக்கு விடியற்காலையிலேயே எழுந்து கல்லில் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். தோழர் ஐயா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். வெளிச்சம் சரியில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதால் அக்காவின் வலது காலை மட்டும் மூன்று தடவை கழுவினார். அந்தப் படம் மையத்தின் ஆண்டு மலரில் அட்டைப்படமாக வந்தது. அக்கா அதை வெட்டி அறையில் ஒட்டினாள். "ஐயா என் காலத் தொட்டாருடீ" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். அக்காவின் சந்தோஷத்தில் மண்ணைப் போட டைப்பம்மாவுக்கு மனம் வரவில்லை.

இந்த வருடம் மழை தொடங்கியபோது அக்கா ஈரத்தரையில் வழுக்கிப் பெரிய பாத்திரத்தோடு விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. கரண்டி பிடிக்கலாம், பேனா பிடித்து எழுதவோ பாத்திரம் தூக்கவோ முடியாது. ஒரு வாரம் கழித்துத் தோழர் ஐயா டைப்பம்மாவைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். சமையல் வேலை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்படுகிறது, தற்போதைய சமையலர் மாத இறுதியோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார், அவர் தங்கியுள்ள அறையை அதே தேதிக்குள் காலிசெய்ய வேண்டும்.

டைப்பம்மா அடிப்பதை நிறுத்தினாள். "ஐயா, இது என் அக்கா."

"தெரியும் தோழர். அதனாலதான் உங்ககிட்டயே சொல்றேன். வேற யார் மூலமாவது தெரிய வந்தா உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

"அந்த ரூம்லதான் நானும் இருக்கேன்."

"அதுவும் யோசிச்சேன். ஒப்பந்தக்காரருக்கு ஸ்டோர் ரூம் வேணுமாம். அமைப்புகள் இப்படித்தான் இரக்கமில்லாம இயங்குது. அதைத்தான் நாம மாத்தணும்" என்று ஜன்னல் பக்கம் போனார். தானே அந்த அமைப்பு என்பது அவருக்குத் தெரியவே இல்லை. எங்கோ தூரத்தில் இருக்கும் ஏதோ கெட்ட சாமானைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். அவள் கடிதத்தை ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தாள். 'விடுவிக்கப்படுகிறார்' என்று அழகாக எழுதியிருந்தது. மோசேகூட ஒருவரை இவ்வளவு சுலபமாக விடுவித்ததில்லை.

அக்கா கடிதத்தைக் கேட்டுவிட்டு அழவில்லை. "எங்கடீ போவோம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இருவருக்கும் வேறு வீடு கிடையாது, போய் நிற்க உறவும் கிடையாது. அன்றைக்கே டைப்பம்மா ஒரு மனு எழுத உட்கார்ந்தாள். என்ன யோசித்தும் நாற்பத்தேழாம் பக்கத்தைவிட நன்றாக அவளுக்கு எதுவும் வரவில்லை. அதையே எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து ஒரு பத்தி, அறுபதாம் பக்கத்திலிருந்து ஒரு பத்தி, கடைசி அத்தியாயத்திலிருந்து ஒரு பத்தி. 'அவர்கள்' என்று இருந்த இடத்தில் 'நாங்கள்' என்று போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த மாற்றம். அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். டைப்பம்மா, காவலாளி, பெருக்குகிற இரண்டு பெண்கள் என்று மொத்தம் ஐந்து பேர்.

அவருக்குக் கண்ணி வைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தன் வரிகளைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலரும், பிறகு வெட்கம் வரும், கூப்பிட்டு, "தோழர், நல்ல நேரத்துல ஞாபகப்படுத்தினீங்க" என்பார் என்று மெய்யாகவே நம்பினாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். இத்தனை கேலி பேசுகிற வாய் இருந்தும் உள்ளுக்குள் இவ்வளவு வெகுளி.

இரண்டு நாளில் மனு அவள் மேசைக்கே திரும்பி வந்தது. தோழர் ஐயா மாணவர்களின் கட்டுரையைத் திருத்துவதுபோல ஓரமெல்லாம் சிவப்பு மையால் எழுதியிருந்தார். கடவுள் அந்தக் கையோடு வெளியேறிவிடுகிறார் என்ற வரிக்கு எதிரே: 'மிகை உணர்ச்சி. கடவுள் எங்கும் இருக்கிறார்.' 'கொடுப்பவனுக்கு மனம் இருக்கும்வரைதான் கருணை. நீதி வந்த அன்றைக்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்' என்ற பத்திக்கு எதிரே: 'நன்றிகெட்டதனம்.' அடிமைகளின் முனகலைப் பற்றிய இடத்தில்: 'வேத ஆதாரம் பலவீனம். ஜெபத்தைக் குறைத்துப் பேசுவது ஆபத்தான போக்கு.' கடைசியில் தடித்த எழுத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டு: 'யார் எழுதிக் கொடுத்தது? இதில் வெளியாள் கை இருக்கிறது.'

டைப்பம்மா வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்தது கோபம்கூட அல்ல, அருவருப்பு. ஒரு வார்த்தைகூடவா அடையாளம் தெரியவில்லை. பெற்ற பிள்ளையைத் தெருவில் பார்த்து, யார் வீட்டுப் பையன் என்று கேட்கிற தகப்பனை அவள் அதுவரை பார்த்ததில்லை. மத்தியானம் அவர் கூப்பிட்டு, மனுவைக் கண்டித்து நிர்வாகக் குழுவுக்கு ஓர் அறிக்கை சொன்னார். நடுவே நின்று, "உங்க பேரையும் இதுல யாரோ இழுத்துவிட்டிருக்காங்க, பாவம்" என்று அனுதாபப்பட்டார். அவள் அறிக்கையை அடித்து முடித்தாள்.

நிர்வாகக் குழு மாதம் ஒரு முறை நீள மேசையைச் சுற்றிக் கூடும். தலைவர் மர வியாபாரி. அந்தப் பெரிய புத்தகத்துக்கு அச்சுச் செலவு கொடுத்தவர் அவர்தான். முதல் பக்கத்தில் அவர் குடும்பப் படம் இருக்கிறது. பழைய கட்டுப்பாடான பக்திக்காரர். உறுப்பினர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்கும் வழக்கம் அவருக்கு மட்டும் உண்டு. மற்ற நான்கு பேரும் தலையாட்ட வருகிறவர்கள். மேசையின் கோடியில் மினிட்ஸ் எழுத டைப்பம்மா. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோடியில் ஓர் ஆள் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. அன்று விசாரணைக்காக அக்காவை வரச்சொல்லியிருந்தார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கதவருகே கோணல் மணிக்கட்டைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியை முதலில் மனுவை வாசிக்கச் சொன்னார். டைப்பம்மா வாசித்தாள். முடிந்ததும் மர வியாபாரி, "இது கட்சிக்காரன் எழுத்து. இதுல கர்த்தரே இல்ல" என்றார். தோழர் ஐயா ஆமோதித்தார். பிறகு டைப்பம்மா பக்கம் திரும்பி மிருதுவான குரலில், "யார் எழுதிக் குடுத்ததுன்னு சொல்லிடுங்க தோழர். உங்க மேல நடவடிக்கை வராம நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

"நீங்கதான் ஐயா" என்றாள் டைப்பம்மா.

அவருக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. அவள் எழுந்து போய் அதே அறையின் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். விருந்தினருக்குக் கொடுப்பதற்காக அந்தப் புத்தகம் பன்னிரண்டு பிரதி அங்கே அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்துத் தலைமையாசிரியை முன்னால் வைத்தாள். பக்கத்தில் சிவப்பு மை மனுவையும் வைத்தாள். தலைமையாசிரியை இரண்டையும் வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். அறுபதாம் பக்கத்தையும் கடைசி அத்தியாயத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இயக்குநர் இவ்வளவு கண்டிப்பா யாரையும் விமரிசனம் பண்ணி நான் பார்த்ததில்ல" என்றார்.

மர வியாபாரி புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தான் காசு கொடுத்து அச்சடித்ததில் இப்படியெல்லாம் இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மற்ற நான்கு பேரும் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் தவித்தார்கள்.

தோழர் ஐயாவுக்கு ஒரு நிமிடம் முகம் சுண்டியது. அடுத்த நிமிடம் தேறிவிட்டார். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. "அது வேற சூழல்ல எழுதினது. அது ஒரு இறையியல் உரையாடல். அதை அப்படியே எடுத்து ஒரு சமையலறைக்குப் பொருத்தறது எளிமைப்படுத்தறது" என்றார்.

"சமையலறைக்குப் பொருந்தாதுன்னா வேற எதுக்குப் பொருந்தும் ஐயா?" என்று கேட்டாள் டைப்பம்மா. "நாலு தடவ அடிச்சேன். நாலு தடவையும் எங்க வீட்டப் பத்தித்தான் எழுதறீங்கன்னு நெனச்சேன்."

கதவருகே இருந்து அக்கா, "அவ சின்னவ, தெரியாம பேசறா, மன்னிச்சுக்கங்க ஐயா" என்றாள். ஐம்பத்து மூன்று வயதுச் சின்னவள். அந்த மன்னிப்பைக் கேட்டதும் டைப்பம்மாவுக்கு அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. நோட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

முடிவு மர வியாபாரியிடமிருந்து வந்தது. "எங்க வீட்டுல வேல செஞ்சு ஓய்ஞ்சவங்கள நான் தெருவுல விட்டதில்ல. அதுக்கு எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படல. அந்தம்மா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். தோழர் ஐயாவுக்குச் சூடு போட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அக்காவின் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தோழர் ஐயா உடனே, தானும் அதைத்தான் சொல்ல வந்தவர்போல, தீர்மானத்தை டைப்பம்மாவுக்குச் சொன்னார்: 'கருணையின் அடிப்படையில், மறு அறிவிப்பு வரும்வரை, முன்னாள் சமையலர் அறையில் தங்க அனுமதிக்கப்படுகிறார். இதற்காக அவர் குழுவுக்கு நன்றிக் கடிதம் அளிக்க வேண்டும்.'

அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அறைக்கு வந்ததும் நன்றிக் கடிதத்துக்குத் தாள் கேட்டாள். அங்கேதான் இருவருக்கும் சண்டை மூண்டது.

"நன்றி சொன்னா நமக்கு என்னடீ கொறஞ்சிடும்?"

"மறு அறிவிப்பு வரும்வரைன்னு போட்டிருக்கு அக்கா. அது அடுத்த மாசமே வரலாம். அந்த மர வியாபாரிக்கு மனசு மாறினா வரும். இவருக்கு ஸ்டோர் ரூம் ஞாபகம் வந்தா வரும். நீ ஒவ்வொரு மாசமும் நன்றி எழுதிட்டே இருப்பியா?"

"இருக்க எடம் குடுத்திருக்காங்க. நீ அவர் புத்தகத்தப் படிச்சுப் படிச்சே கெட்டுப்போன."

"அவர் படிச்சிருந்தா நல்லா இருந்திருப்பார்" என்றாள் தங்கை. இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன அறையில் பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

அந்த மாதம் முழுக்க மினிட்ஸ் அவள் கணினியில் அரைகுறையாகக் கிடந்தது. கடைசியில் அந்தத் தீர்மானத்தை இப்படி அடித்தாள். 'இருபத்திரண்டு ஆண்டுக்கும் மேலான உழைப்பினால் பெற்ற உரிமையின் அடிப்படையில், சமையலர் தம் வாழ்நாள் முழுவதும் சகோதரியுடன் அந்த அறையில் குடியிருப்பார். இதற்காக அவர் யாருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.' பின்பாதி எந்தப் புத்தகத்தின் வரி என்று சொல்ல வேண்டியதில்லை. இதைப் பொய் என்று சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் திருட்டுத்தனமாக அதைக் கோப்புக்குள் செருகக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். சென்ற மாத மினிட்ஸை அடுத்த கூட்டத்தில் வாய்விட்டு வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. விதிப்படி வாசிப்பேன், காது இருக்கிறவர்கள் கேட்கட்டும், பிடிபட்டால் வேலையும் அறையும் சேர்ந்தே போகட்டும் என்று மூட்டைகூடக் கட்டி வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனாள்.

வாசித்தாள். மர வியாபாரி கைபேசியில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். தோழர் ஐயா தன் அடுத்த புத்தகத்துக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தபோது அவள் வேகத்தைக் கூட்டவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. யாராவது ஒருத்தராவது கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்றுகூட அவளுக்கு இருந்தது. பக்கம் முடிந்தது.

"அந்த அஞ்சாவது தீர்மானத்த இன்னொரு தடவ வாசிங்க" என்றார் தலைமையாசிரியை.

டைப்பம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பி எடுத்தாள். மறுபடியும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, முன்னைவிட உரக்க வாசித்தாள். தலைமையாசிரியை அவளை நேராகப் பார்த்தார். கோடியில் ஓர் ஆள் இருப்பதைப் பார்த்த பார்வை அது.

"சரியா இருக்கு. நான் முன்மொழியறேன்" என்றார்.

தலையாட்டுகிறவர்களில் ஒருவர் வழிமொழிந்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மர வியாபாரி கைபேசி இருந்த கையையே உயர்த்தினார். தோழர் ஐயா கடைசியாக உயர்த்தினார், பிறகு மினிட்ஸ் புத்தகத்தை இழுத்து வழக்கம்போல அடியில் கையெழுத்துப் போட்டார். இன்னொரு பிரதி விதிப்படி முத்திரையோடு சங்கப் பதிவாளர் அலுவலகத்துக்கு அன்றைக்கே போய்விட்டது.

அவள் அறைக்கு வந்தபோது அக்கா கட்டிலில் பலகையை வைத்துக்கொண்டு இடது கையால் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். நாலு வரி வந்திருந்தது, எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. டைப்பம்மா தாளை மெல்ல உருவிக்கொண்டாள்.

"இனி இது வேணாம் அக்கா. நம்மள யாரும் போகச் சொல்ல முடியாது. நீ இருக்கிற வரைக்கும் இது உன் ரூம்."

அக்கா நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஐயா ஒத்துக்கிட்டாரா?"

"கையெழுத்துப் போட்டுட்டார்" என்றாள் டைப்பம்மா. "என்னன்னு அவருக்கு இன்னும் தெரியாது."